மோட்டார் ஓடுகிறதா என்ற கட்டம்

போன வாரம் கடலூரில் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடம் கொடுத்தார்கள். அதில் இரண்டு நிமிடம் சால்வைக்குப் போய்விட்டது. மிச்ச நேரத்தில் நான் பேசியதெல்லாம் யார் வேண்டுமானாலும் பேசக்கூடியது. கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண், "மேடம், நீங்க செஞ்ச தப்பு ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நேரம் முடிந்துவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெண் கேட்டதற்குப் பதில் இது. மற்றவர்களும் படிக்கலாம்.

நான் நிலத்தடி நீர் அளக்கிற வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். வீடு சிதம்பரம், அலுவலகம் கடலூர். உங்களை எடுத்திருக்கும் கூட்டு அளவை தொடங்கிய நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை அதிலும் இருந்தேன். தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு குழு, பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு குழு. ஒரே நாளில், ஒரே நேரத்தில், எல்லையின் இரண்டு பக்கமும் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து, ஒரே படமாகப் போடுவது. கேட்க எளிதாக இருக்கும். இரண்டு அலுவலகமும் ஒருவர் எண்ணை ஒருவருக்குக் காட்டச் சம்மதிக்கவே பல வருடம் ஆனது.

தண்ணீருக்கு எல்லை கிடையாது என்று மேடையில் பேசுவார்கள். கைதட்டிவிட்டு வந்துவிடுங்கள். தண்ணீருக்கு எல்லை இல்லாமல் இருக்கலாம், மின்சாரத்துக்கு இருக்கிறது. கடலூருக்கு வடக்கே ஊர்கள் பின்னிக் கிடக்கும். ஒரு தெரு நம்முடையது, அடுத்த கொல்லை அவர்களுடையது. எல்லை எங்கே என்று தெரியாவிட்டால் பிராந்திக் கடை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் போதும். அங்கே நம் பக்கத்து விவசாயிக்கு மோட்டார் ஓட்டும் த்ரீ பேஸ் மின்சாரம் ஒரு நேரத்தில் வரும், வரப்புக்கு அந்தப் பக்கம் வேறு நேரத்தில் வரும். ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் அளந்தால் நீர்மட்டம் இறங்கித்தான் இருக்கும். அதனால்தான் நம் படிவத்தில் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறது: பக்கத்தில் மோட்டார் ஓடுகிறதா?

அந்தக் கட்டத்தை வைக்கச் சொன்னதே நான்தான்.

ஒரு கோடையில் எனக்கு, அளப்பதற்கென்றே போட்ட பதினொரு கிணறு. காலை பத்து மணிக்குள் முடிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஜீப் தாமதமாக வந்தது. ஓட்டுநரைத் திட்டினேன். ஆறாவது கிணற்றில் மூடி துருப்பிடித்துத் திறக்கவில்லை. அதற்கு அரை மணி போனது. ஒன்பதாவது கிணறு ராஜவேலு என்பவரின் கத்திரிக்கொல்லை ஓரத்தில் இருந்தது. நாடாவை இறக்கினேன். அளக்கும் நாடாவின் நுனி தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று சத்தம் வந்தது. எண்ணைக் குறித்தேன். எப்போதையும்விட ஆழம். கோடைதானே என்று நினைத்தேன். கொல்லையில் ஆள் இல்லை, மோட்டார் சத்தமும் கேட்கவில்லை. ஓடிப்போய் ஜீப்பில் ஏறினேன்.

கட்டங்களை ஜீப்பில் உட்கார்ந்துதான் நிரப்பினேன். முதல் கிணற்றுக்கு "ஓடவில்லை" என்று எழுதினேன். அது உண்மை. அதற்குக் கீழே பத்து கிணற்றுக்கும் "மேற்படி, மேற்படி" என்று இழுத்துவிட்டேன். நம் அலுவலகங்களில் பாதி வேலை அந்த ஒரு வார்த்தையில்தான் நடக்கிறது. கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு பக்கத்து எண்களையும் சேர்த்துப் படம் வந்தபோது, அந்த ஒன்பதாவது கிணற்றைச் சுற்றி நீர்மட்டத்தில் ஒரு பெரிய குழி. அந்த மாதிரிக் குழி தெரிந்தால் அதைச் சுற்றி யாரும் புதிதாக ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. நல்ல விதி. கடல் பக்கத்தில் இருக்கிறது, அதிகமாக இழுத்தால் உப்பு உள்ளே வந்துவிடும். அந்த விதிக்காகவும் சண்டை போட்டவள் நான்தான்.

அந்த விதியில் மாட்டியது ஒரு குடிநீர்க் கிணறு. ராஜவேலுவின் ஊரில் பழைய ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது. டீ போட்டால் திரிந்துபோகிற அளவுக்கு உப்பு. மேற்கே தள்ளி, அவர் கொல்லைக்குக் கொஞ்சம் தூரத்தில் புதிய கிணற்றுக்கு இடம் பார்த்து, எல்லா அனுமதியும் வாங்கிவிட்டார்கள். எங்கள் படம் வந்ததும் பாண்டிச்சேரிப் பக்கம் ஆட்சேபித்தார்கள். வேலை நின்றது. ஊருக்கு வாரத்தில் மூன்று நாள் டேங்கர்.

அந்த ஊர்த் தலைவி ஆரோக்கியமேரி கடலூர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க ஊட்டுத் தண்ணிய நிறுத்துனது நீங்கதானா?"

நான் நிறுத்தவில்லை, அளவுதான் அப்படிக் காட்டுகிறது என்று படத்தை விரித்தேன். விரலை வைத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இந்தக் குழிக்கு நடுவுல இருக்கறது ராஜவேலு மாமா கொல்லைதான?"

"ஆமாம்."

"நீங்க எத்தன மணிக்கு அளந்தீங்க?"

"ஒன்பதே முக்கால்."

"த்ரீ பேஸ் ஆறு மணிக்கு வந்துடும். அவரு பன்னண்டு வரைக்கும் மோட்டார நிறுத்த மாட்டாரு. கத்திரிக்கா போட்டுருக்காரு. ஓடற மோட்டார் பக்கத்துல அளந்தா தண்ணி கீழதான இருக்கும்? இதுக்கு இன்னாத்துக்கு மேடம் படிப்பு?"

"மோட்டார் ஓடலம்மா. படிவத்துல எழுதியிருக்கேன்" என்றேன். படிவத்தை எடுத்தும் காட்டினேன். அதில் "மேற்படி" என்று இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கிளம்பிப் போய்விட்டார்.

அடுத்த நாளே யாருக்கும் சொல்லாமல் அந்தக் கொல்லைக்குப் போனேன். அதே ஒன்பதே முக்கால். ராஜவேலு பாத்தியில் நின்றிருந்தார். மோட்டார் சத்தம் இல்லை. நிம்மதியாக இருந்தது.

"மோட்டார் ஓடுதுங்களா?" என்றேன், ஒரு பேச்சுக்கு.

"ஓடுதே."

"சத்தமே கேக்கல?"

"யம்மா, அது சப்மெர்சிபிள். நூத்தம்பது அடிக்குக் கீழ கெடக்குது. மேல வந்து கத்துமா?" என்று சிரித்தார். குழாய் மண்ணுக்குள்ளேயே போய்க் கடைசிப் பாத்தியில் திறந்தது. நான் நின்ற இடத்திலிருந்து தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. "நானு இருந்தாலும் ஓடும், இல்லன்னாலும் ஓடும். கரண்டு வந்தா தானா எடுத்துக்கும், ஆட்டோ போட்டு வச்சிருக்கேன். ஏன், நீங்க வேலைக்கிப் புதுசா?"

அப்போது எனக்கு இருபத்தாறு வருட சர்வீஸ்.

நாடாவை இறக்கினேன். பிறகு கெஞ்சி மோட்டாரை நிறுத்தச் சொல்லி, மூன்று மணி நேரம் வரப்பில் உட்கார்ந்திருந்து மறுபடியும் இறக்கினேன். நீர்மட்டம் நாலு மீட்டருக்கு மேல் ஏறியிருந்தது. படத்தில் இருந்த குழியில் பெரும்பங்கு அவருடைய கத்திரிக்காய் குடித்த தண்ணீர்.

மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது, அதனால்தான் ஆபத்து. "என்னம்மா நீ. இந்த ஒப்பந்தம் வர்றதுக்கு நாம எவ்ளோ அலைஞ்சோம்? ஒரு கட்டம் தப்புன்னு நீ சொன்னா, அவுங்க மொத்தப் படமும் தப்பும்பாங்க. வெளியே போக அவுங்களுக்கு ஒரு சாக்குதான் வேணும். ஆறு மாசத்துல அடுத்த அளவை வருது. அப்ப சரியா எழுது. எண்ணு தானா மேல வந்துடும். யாருக்கும் நஷ்டமில்ல."

"அந்த ஊருக்கு?"

"அதான் டேங்கர் போவுதே."

உடனே மறுத்துப் பேசினேன் என்று எழுத ஆசைதான். பேசவில்லை. பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை. தினமும் சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்து அவர் சொன்னதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு ஊரா, இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான நிலத்தடி நீரா? பெரிய விஷயத்தைக் காப்பாற்ற சின்ன விஷயத்தை விடலாம் என்று தோன்றும்போது, விடப்படுகிற சின்ன விஷயம் யார் வீட்டில் இருக்கிறது என்று பாருங்கள். என் வீட்டில் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டாவது நாள் சிதம்பரத்தில் கூட்டம். இரண்டு பக்கத்துக்கும் பொது இடம் என்று அங்கே ஒரு மண்டபத்தில் வைத்திருந்தார்கள். பாண்டிச்சேரிக் குழுவின் தலைவர் என் வயதுக்காரர், கெட்டிக்காரர், வாய் நீளம். எனக்கும் அவருக்கும் எப்போதும் ஆகாது. அன்று அவர் அந்தக் குழியைத் திரையில் போட்டு, "தமிழ்நாட்டுப் பக்கம் எவ்வளவு உறிஞ்சுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அளந்தது அவர்களே" என்றார்.

நான் எழுந்து, "அந்த எண் தப்பு" என்றேன். மேலதிகாரி என் பக்கம் திரும்பவே இல்லை. "மோட்டார் ஓடும்போது அளந்தேன். ஓடவில்லை என்று எழுதினேன். பார்க்காமல் எழுதினேன்."

 பாண்டிச்சேரித் தலைவர் கேட்டார்: "அப்ப மத்த பத்து கெணறு?"

"ஒண்ணாவது பார்த்தேன். மத்ததெல்லாம் மேற்படி."

"போன வருஷம்?"

"சத்தியம் பண்ண மாட்டேன்."

அவர் விடவில்லை. முக்கால் மணி நேரம் என்னை உரித்துத் தொங்கவிட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள். கடைசியில், இரண்டு பக்கமும் முழுவதையும் மறுபடி அளக்க வேண்டும், அதுவரை எந்த அனுமதியும் இல்லை என்று முடிவானது. நான் உண்மையைச் சொல்லியும் அந்த ஊருக்கு அன்று ஒரு சொட்டு தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. இதையும் தெரிந்துகொள்ளுங்கள். தப்பை ஒத்துக்கொண்டால் உடனே நல்லது நடக்கும் என்று யாராவது சொன்னால், அவர் எதையும் ஒத்துக்கொண்டதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "மேடம், எங்க பக்கம் மூணு கொல்லையில கேட்டு பூட்டியிருந்துச்சு. போன தடவ எண்ணயே பசங்க எழுதிட்டானுங்க. எனக்குத் தெரியும்" என்றார்.

"அத கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே சார்? முக்கால் மணி நேரம் என்னைக் கிழிச்சீங்க."

"நீங்க சொல்லி முடிச்சப்பறந்தான் எனக்கு தைரியம் வந்துச்சு. அதுக்குள்ள சாப்பாட்டுக்கு விட்டுட்டாங்க."

கையில் இருந்த தம்ளரை அவர் மேல் கொட்டியிருப்பேன். கொட்டவில்லை. மாலைக்குள் எழுத்தில் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். எனக்கு இன்றைக்கும் அவரைப் பிடிக்காது. ஆனால் அந்தத் தாளுக்குப் பிறகு அவர் எண் எதையும் நான் சந்தேகப்பட்டதில்லை.

மறுபடி அளப்பது என்று தீர்மானம் போட்டாகிவிட்டது, எப்படி என்பதுதான் சிக்கல். இரண்டு பக்கமும் எல்லா மோட்டாரும் முந்தின நாள் மதியத்திலிருந்து நிற்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தக் கேட்டோம். ஒரு பக்கம் முடியாது என்றார்கள், இன்னொரு பக்கம் பதிலே இல்லை. விவசாயிகளைத்தான் கேட்க வேண்டும். ஆரோக்கியமேரியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். "எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவர் ஊரைக் கூட்டினார். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரில் அவர் தங்கையைக் கொடுத்திருந்தார்கள். தங்கை வீட்டுக்காரர் மூலமாக அங்கேயும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூட்டம். நான் பேசினேன், பாண்டிச்சேரித் தலைவர் பேசினார், இரண்டு பேரும் விஞ்ஞானம் பேசினோம்.

ராஜவேலு எழுந்தார். "ஒரு நாளு தண்ணி வுடலன்னா எங்க கத்திரி வாடிப்பூடும். ஒங்க படம் வாடுமா?"

அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், "நாங்க நிறுத்திடுவோம் மாமா. நீங்க நிறுத்துவீங்கன்னு இன்னா நிச்சயம்? நாங்க நிறுத்துன நேரத்துல நீங்க சேத்து இழுத்துக்குவீங்க" என்றார்.

"ஏன் மச்சான், ஒன் தண்ணிய நான் இழுத்தா ஒன் மோட்டாருல காத்தா வருது?"

"வருதே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்புக்குள் கோபம் இருந்தது. மணி ஒன்று ஆனது. அதிகாரிகள் கண்காணிப்பார்கள் என்று நாங்கள் சொன்னோம். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

கடைசியில் ராஜவேலுவே சொன்னார். "அவனுக்கு எங்க மேல நம்பிக்க இல்ல. எங்களுக்கு அவன் மேல இல்ல. ரெண்டு பேருக்கும் ஒங்க மேல சுத்தமா இல்ல. எங்க பீஸ் கட்டையெல்லாம் கழட்டி அவன்கிட்ட குடுத்துடறோம். அவன் கட்டைங்கள நாங்க வச்சிக்கறோம். அளந்து முடிச்சப்பறம் மாத்திக்குவோம்."

பீஸ் கட்டை இல்லாமல் மோட்டார் ஓடாது. ஆட்டோ இருந்தாலும் ஓடாது. இரண்டு அலுவலகத்திலும் இருந்த நாங்கள் யாரும் இத்தனை மாதத்தில் இதை யோசிக்கவில்லை.

குறித்த நாளில் மதியம் பன்னிரண்டு மணிக்கு, எல்லையில் இருக்கும் வாய்க்கால் பாலத்தில் இரண்டு சிமெண்ட் சாக்கு கைமாறியது. ஒவ்வொரு கட்டையிலும் பேர் எழுதி ஆரோக்கியமேரி பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். அந்தப் பக்கத்துக்காரர் ஒவ்வொன்றாக எண்ணி வாங்கினார். ஒன்று குறைந்தது. ராஜவேலு தம்பியுடையது. ஊரே அவனைப் பார்த்தது. அவன் மடியிலிருந்து எடுத்துப் போட்டான். "மறந்துட்டேன்" என்றான். "மறப்படா, மறப்ப" என்றார் அண்ணன்.

மறுநாள் காலையில் இரண்டு குழுவும் அளந்தோம். என் பதினொரு கிணற்றுக்கும் பாண்டிச்சேரி ஆள் ஒருவர் என்னோடு வந்தார். அவர்கள் கிணறுகளுக்கு எங்கள் ஆள் போனார். பூட்டியிருந்த அந்த மூன்று கொல்லையும் திறந்திருந்தன. குழி இருந்தது. முன்பு காட்டியதில் பாதி ஆழம்கூட இல்லை. ஆனால் அது எங்கள் பக்கத்தோடு நிற்கவில்லை, அந்த மூன்று கொல்லைக்கும் அடியில் போயிருந்தது. முதல் படத்தில் அந்தப் பாதி தெரியவே இல்லை. இழுத்தது இரண்டு பேரும்தான்.

குடிநீர்க் கிணற்றுக்கு இடம் குழிக்கு வெளியே, ஓரத்தில் வந்தது. பாண்டிச்சேரித் தலைவரே ஆட்சேபணையை வாபஸ் வாங்கி எழுதினார். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று நிபந்தனை போட்டோம். ஆரோக்கியமேரி அதைப் படித்துப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. அவருக்கு நான் கடன்பட்டவள்தான், ஆனால் அந்தக் கடனை நிலத்தடி நீரில் கட்ட முடியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

இதெல்லாம் முடிய எட்டு மாதம் ஆனது. எட்டு மாதமும் அந்த ஊர்ப் பெண்கள் டேங்கரிலும், டேங்கர் வராத நாளில் அடுத்த ஊர்க் குழாயிலும் தண்ணீர் பிடித்தார்கள். என் ஒரு வார்த்தை, எட்டு மாதம்.

திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். மோட்டார் அறைச் சுவரில் கல்வெட்டுக்கு இடம் விட்டிருந்தார்கள். எங்கள் மேலதிகாரி என் பேரையும் அதில் போடச் சொல்லியிருக்கிறார். இரண்டு மாநில ஒத்துழைப்புக்கு நான் செய்த சேவையாம். ஆரோக்கியமேரி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஒங்க பேரப் போடச் சொல்றாங்க. நான் போடல."

"சரிம்மா."

"ஒங்க பேரப் போட்டா, எட்டு மாசம் தண்ணி தூக்குனவுங்க பேரு அத்தினியும் போடணும். கல்லு பத்தாது."

"பத்தாதுதான்" என்றேன்.

அவர் மோட்டார் அறைக்குள் போய் ஸ்டார்ட்டர் பக்கத்தில் நின்றார். வெளியே ஊர் முழுக்கக் குடத்தோடு நின்றது. சட்டமன்ற உறுப்பினர், மேளம், மாலை எல்லாம் இருந்தது. எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். அவர் அமுக்கவில்லை. கதவு வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தார்.

"மேடம், அளந்துட்டீங்களா? இல்ல, மேற்படியா?"

மேளக்காரர் நிறுத்திவிட்டார். மாலையோடு வந்தவர்கள் என்னவென்று தெரியாமல் நின்றார்கள். நான் பையிலிருந்து நாடாவை எடுத்தேன். மூடியைத் திறந்து இறக்கினேன். கீச்சென்று சத்தம் வந்ததும் நாடாவில் எண்ணைப் பார்த்துக் குறித்தேன். பிறகு அறைக்குள் போய் ஸ்டார்ட்டரை நானே பார்த்துவிட்டு வந்து, அந்தக் கட்டத்தில் "ஓடவில்லை" என்று முழுதாக எழுதினேன். கூட்டம் மொத்தமும் வெயிலில் காத்திருந்தது. யாரோ முணுமுணுத்தார்கள். அவர் மட்டும் அவசரப்படுத்தவில்லை.

"இப்ப போடுங்க" என்றேன்.

போட்டார்.